மேனேஜ்மெண்ட் பட்டமும் மாமா கடை நோட்டும்

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையிலிருந்து 24 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தனியார் கல்லூரியில் பிபிஏ என்னும் மேனேஜ்மெண்ட் பட்டம் முடித்து 14 மாதம் ஆகிறது. சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) 2.91. அறுபதுக்கும் மேல் விண்ணப்பம் போட்டார், ஆறு இடத்தில்தான் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பட்டர்வொர்த்தில் மாமா நடத்தும் மளிகை மொத்தக் கடையில் சரக்கும் கணக்கும் பார்க்கிறார். மாமா மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) கையில் கொடுக்கிறார். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் 36,000 வெள்ளி இருக்கிறது, இன்னும் ஒரு தவணைகூடக் கட்டவில்லை. அப்பா லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 58. அம்மா 22 ஆண்டாக பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆப்பரேட்டர்.

இப்போது இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று, ஜார்ஜ்டவுனில் ஒரு நிறுவனத்தில் 'மேனேஜ்மெண்ட் டிரெய்னி'. இன்னொன்று, பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் மெட்டீரியல் பிளானர், ஏஜென்சி வழியாக 12 மாத ஒப்பந்தம், சம்பளம் 2,700 வெள்ளி. இதற்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் வேண்டாம், என் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்திலிருந்து 28,000 வெள்ளி எடுத்துத் தருகிறேன், எம்பிஏ படி என்கிறார் அப்பா. "நான் நின்ன ஃபேக்டரியிலேயே நீயும் போய் நிக்கவா படிக்க வச்சேன்?" என்கிறார் அம்மா. மேனேஜ்மெண்ட் படித்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள் என்கிறார் அக்காவின் கணவர். "எனக்கே என் படிப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. மேனேஜ்மெண்ட் படித்தால் மேனேஜர் ஆகலாம் என்றுதானே சேர்ந்தேன்? என்ன செய்யட்டும் அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாயான் லெப்பாஸில் 19 ஆண்டு மனிதவளப் பிரிவில் இருந்தவள் நான். உங்களைப் போல பிபிஏ முடித்து வந்து எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. அவர்களில் பலருக்கு நேரில் சொல்லத் தவறியதை உங்களுக்காவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. நர்ஸிங் படித்தவர் நர்ஸ், கணக்கியல் படித்தவர் கணக்காளர். பட்டத்தின் பெயரிலேயே வேலையின் பெயரும் இருக்கிறது. மேனேஜ்மெண்ட் பட்டம் அப்படி இல்லை. மனிதவளம், கொள்முதல், சந்தைப்படுத்தல், நிதி, உற்பத்தி என்று ஐந்தாறு துறையை ஒவ்வொரு செமஸ்டரில் தொட்டுக் காட்டுகிறது, எதிலும் கையைப் பழக்குவதில்லை. அது படிப்பின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் படிப்பை முடித்தவர் அதில் ஒரு துறையைப் பிடித்து இறங்கியே ஆக வேண்டும். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று அறுபது இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்பியிருக்கிறீர்கள். அதை எடுத்துப் பார்ப்பவருக்கு உங்களை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று தெரியவில்லை. அழைப்பு வராததற்கு சிஜிபிஏவைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பெரிய நிறுவனங்களின் டிரெய்னி திட்டங்களில் 3.0 என்று கோடு போடுவது உண்டு, அதை மறுக்கவில்லை. மற்ற வேலைகளில் 2.91க்கும் 3.1க்கும் இடையே யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒன்று எழுதியிருக்கிறீர்கள். போன ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடையில் கடலை மாவு தீர்ந்துபோனது, அதே நேரம் பின்கட்டில் பச்சைப்பயறு மூட்டைகளில் வண்டு விழுந்திருந்தது, மாமா எல்லாவற்றையும் நினைவிலிருந்தே ஆர்டர் போடுவார், அதனால் நீங்கள் ஒரு நோட்டுப் போட்டு மூன்று பத்தியாகக் கோடு கிழித்தீர்கள் என்று. கையில் எத்தனை மூட்டை, வாரத்துக்கு எத்தனை போகிறது, சொன்னால் வந்து சேர எத்தனை நாள். கடலை மாவு வாரத்துக்கு 12 மூட்டை போகும், வந்து சேர மூன்று வாரம் ஆகும். ஆக 36 மூட்டையும், தாமதமானால் சமாளிக்க 10 மூட்டையும் சேர்த்து, கையிருப்பு 46ஐத் தொட்டதும் ஆர்டர் போட்டுவிட வேண்டும். இந்தத் தீபாவளிக்கு எதுவும் தீரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தங்கையே, அதன் பெயர்தான் மெட்டீரியல் பிளானிங். மூன்றாவது பத்தியின் பெயர் லீட் டைம். அந்தப் பத்து மூட்டையின் பெயர் சேஃப்டி ஸ்டாக். 46 என்பது ரீஆர்டர் பாயிண்ட். பாடத்தில் இதெல்லாம் படித்திருப்பீர்கள், ஆனால் கடையில் நீங்கள் செய்ததும் அதுவும் ஒன்றுதான் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. ரெஸ்யூமில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'குடும்ப வியாபாரத்தில் அன்றாடப் பணிகளுக்கு உதவினேன்.' இந்த ஒரு வரியில் உங்கள் 14 மாதத்தையும் மூடி மறைத்துவிட்டீர்கள்.

சரி, இனி வந்திருக்கும் வாய்ப்புகளைப் பார்ப்போம்.

அந்த 'மேனேஜ்மெண்ட் டிரெய்னி' கடிதம்

நீங்கள் படம் பிடித்து அனுப்பிய கடிதத்தைப் பார்த்தேன். முதல் மூன்று மாதம் 1,800 வெள்ளி 'அலவன்ஸ்', அதன்பின் கமிஷன் மட்டும். பயிற்சிக் கட்டணம் 600 வெள்ளி நீங்கள் கட்ட வேண்டும். ஓராண்டுக்குள் விலகினால் 5,000 வெள்ளி அபராதம். இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களை 'ஊழியர்' என்றே எங்கும் குறிப்பிடவில்லை, 'சுயேச்சைப் பிரதிநிதி' என்கிறது.

வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் நடத்தும் உண்மையான டிரெய்னி திட்டங்கள் உண்டு. வழக்கமாக ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை ஒவ்வொரு பிரிவாகச் சுற்றவிட்டுப் பழக்குவார்கள். மாதச் சம்பளமும் இபிஎஃப்பும் இருக்கும், எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்று திட்டம் கையில் இருக்கும், உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். உங்களுக்கு வந்த கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அது விற்பனைப் பிரதிநிதி வேலை, அதற்கு மேனேஜ்மெண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டதாரிகள் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

விற்பனையைக் குறைத்துச் சொல்லவில்லை. காப்புறுதி முகவராகி, அதற்கான தேர்வு எழுதி, கௌரவமாக வீடு கட்டியவர்களை எனக்குத் தெரியும். அது வேண்டும் என்று தெரிந்து போவது வேறு, டிரெய்னி என்று நம்பிப் போய் சொந்தக்காரர் பட்டியலை எழுதிக்கொடுப்பது வேறு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தெரியாதவர்களிடம் போன் பேசவே நெஞ்சு படபடக்கும் என்று.

கையெழுத்துப் போட்டுவிட்டால் தப்பவே முடியாது என்று பயந்திருக்கிறீர்கள். நல்லவேளை, இன்னும் போடவில்லை. ஒருவேளை போட்டிருந்தாலும், ஒரு தாளில் 'நீ ஊழியர் இல்லை' என்று எழுதிவிட்டால் மட்டும் சட்டம் அதை அப்படியே ஏற்காது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அவர்கள் கட்டுப்படுத்தினால், மாறாக நிரூபிக்கும்வரை நீங்கள் ஊழியர் என்றே எடுத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. அபராதத் தொகையும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது, எழுதிய தொகை எதுவானாலும் கொடு என்று சொல்லவில்லை. ஆனால் நான் வழக்கறிஞர் இல்லை. ஏற்கனவே இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்ட வேறு வாசகர் யாராவது இதைப் படித்தால், தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

உங்களுக்கு என் பதில் ஒரு வரிதான்: அந்த 600 வெள்ளியைக் கட்டாதீர்கள்.

ஒப்பந்த வேலை, அம்மாவின் வருத்தம்

பிளானர் வேலையை எடுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு அல்ல, சிலவற்றைக் கேட்டுவிட்டு.

ஒப்பந்த வேலை என்றால் எந்த உரிமையும் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. மாதச் சம்பளத்துக்கு 12 மாத ஒப்பந்தத்தில் இருப்பவரும் ஊழியர்தான். 2,700 வெள்ளிக்கு உங்கள் பங்கு இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 297 வெள்ளி. முதலாளி 13 விழுக்காடு, 351 வெள்ளி போட வேண்டும். சொக்சோவுக்கும், ஈஐஎஸ் என்னும் வேலை இழப்புக் காப்புறுதிக்கும் உங்களிடம் பிடிப்பது சிறு தொகைதான். முதல் இரண்டாண்டில் ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள், மருத்துவ விடுப்பு 14 நாள். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம். சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பதால் ஓவர்டைம் சட்டப்படி உங்களுக்கு உண்டு. கணக்கு எப்படி என்றால், 2,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 103.85. வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி என்றால் ஒரு மணிக்கு 12.98. அதில் ஒன்றரை மடங்கு, 19 வெள்ளி 47 சென். பிளானருக்கு மாதக் கடைசியில் வேலை இழுக்கும், அதனால் இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'எக்சிகியூட்டிவ் என்பதால் ஓவர்டைம் கிடையாது' என்று ஏஜென்சி சொல்லக்கூடும். பதவியின் பெயரை வைத்து அதை மறுக்க முடியாது, சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒப்பந்தத்தில் உண்மையிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 12 மாதம் முடிந்து அவர்கள் புதுப்பிக்கவில்லை என்றால் அது வேலைநீக்கம் ஆகாது. ஈஐஎஸ் காப்புறுதியும் ஒப்பந்தக் காலம் தானாக முடிவதற்குப் பணம் தராது. ஆகையால் ஒன்பதாவது மாதத்திலேயே அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிட வேண்டும்.

ஏஜென்சியிடமும் ஃபேக்டரியிடமும் கேட்க வேண்டியவை:

நியமனக் கடிதத்தில் முதலாளி யார், ஏஜென்சியா ஃபேக்டரியா? சம்பளமும் இபிஎஃப்பும் யார் போடுகிறார்கள்?

2,700 முழுவதும் அடிப்படைச் சம்பளமா, அலவன்ஸ் கலந்ததா? 2,200ம் 500ம் என்று பிரித்திருந்தால் இபிஎஃப், ஓவர்டைம் கணக்கில் எது சேரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இடையில் விலக எத்தனை வார முன்னறிவிப்பு? கடிதம் மௌனமாக இருந்தால், இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்குச் சட்டம் நான்கு வாரம் என்கிறது.

இந்த நாற்காலியில் போன ஆண்டு இருந்தவர் இப்போது எங்கே? கேள்விகளில் இதுதான் முக்கியம். 'நிரந்தரமாகி அடுத்த மேசையில் இருக்கிறார்' என்றால் நல்ல செய்தி. 'ஆண்டுக்கு ஒருவர் வந்து போவார்' என்றால், கற்றுக்கொண்டு கிளம்பத் தயாராகப் போங்கள். எப்படியானாலும் போகலாம், ஆனால் தெரிந்து போகலாம்.

இப்போது அம்மா. அவருடைய வார்த்தை உங்களை எவ்வளவு அறுக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் தாராள வாணிபப் பகுதி தொடங்கிய காலத்திலிருந்து நம் பெண்கள் விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். வீடு, படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்தப் பஸ்ஸில்தான் வந்தது. பிள்ளை அதே கேட்டுக்குள் நுழைவதைப் பார்க்கும்போது, இவ்வளவு பாடும் வீணோ என்று தோன்றத்தான் செய்யும். அம்மா பேசுவது கோபத்தில் அல்ல, தன் கால் வலியை நினைத்து.

ஆனால் அதே கேட்டுக்குள் வேறு ஓர் அறை இருக்கிறது. காலை எட்டரைக்கு உற்பத்தி, கொள்முதல், கிடங்கு, தரம் எல்லாரும் கூடுவார்கள். திரையில் ஷார்டேஜ் லிஸ்ட் ஓடும். "மூணாம் லைனுக்கு கனெக்டர் எங்கே?" என்று உற்பத்தி மேனேஜர் கேட்பார். இருபது பேரும் பிளானரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சப்ளையர் வியாழக்கிழமை அனுப்புகிறார், அதுவரை கையில் இருப்பதை வைத்து இரண்டாம் மாடலை ஓட்டலாம், மூன்றாம் மாடலைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாம் என்று அந்த 24 வயதுப் பெண் எண்ணைச் சொன்னால், மேனேஜர் அதன்படி லைனை மாற்றுவார். நான் மனிதவளத்திலிருந்து அந்தக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் 'முடிவெடுத்தல்' என்று ஓர் அத்தியாயம் எழுதுகிறதே, அது அங்கேதான் நடக்கிறது. இது கிராணி வேலை இல்லை.

அப்புறம், இந்த வேலையிலிருந்து கிளைகள் நிறைய. இரண்டு மூன்று ஆண்டு கழித்து சீனியர் பிளானர், பையர், சப்ளை செயின் அனலிஸ்ட் என்று போகலாம். இங்கே உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள், ஏற்றுமதி இறக்குமதி, கப்பல் சரக்கு முகவர் நிறுவனங்கள் எல்லாம் இதே அனுபவத்தைத்தான் கேட்கின்றன. எம்ஆர்பி (எந்தச் சாமான் எப்போது எவ்வளவு வேண்டும் என்று போடும் கணக்கு) எப்படி ஓடுகிறது, எஸ்ஏபி மென்பொருளில் எப்படிப் பார்ப்பது, எக்செலில் பிவட் டேபிள், லுக்அப் இவற்றில் கை ஓடினால் பினாங்கில் மட்டுமல்ல, கிள்ளானிலும் ஜோகூரிலும் அதற்கு வேலை உண்டு. பத்து காவான் என்ற ஊரில் ஃபேக்டரிகள் வந்தபிறகு உங்கள் பக்கத்திலேயே, பாலம் தாண்டாமலேயே கிடைக்கவும் வாய்ப்பிருக்கிறது. சிபிஐஎம் என்று உலக அளவில் மதிக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, ஏபிக்ஸ் என்று முன்பு பெயர் கொண்ட அமைப்பு தருவது. அதற்கு இப்போது உங்கள் காசைச் செலவழிக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்நாட்டு ஊழியர் வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு லெவியாகக் கட்டுகின்றன. பயிற்சிச் செலவை அதிலிருந்து திரும்பப் பெற வழி இருக்கிறது. நிரந்தரமான பிறகு மேலாளரிடம் கேளுங்கள்.

எம்பிஏவும் அப்பாவின் பணமும்

இதை எழுதும்போது கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் இபிஎஃப்பைத் தொடாதீர்கள்.

எம்பிஏ வகுப்பு வேலை பார்த்தவர்களுக்காக அமைந்தது. 'உங்கள் நிறுவனத்தில் இதை எப்படிச் செய்தீர்கள்?' என்று ஆசிரியர் கேட்டால், பக்கத்து நாற்காலியில் பத்தாண்டு வேலை பார்த்தவர் பேசுவார், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். முடித்து வெளியே வந்தால் அதே நேர்முகத் தேர்வு, அதே கேள்வி: 'இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?' இப்போது கூடுதலாக ஒன்று சேர்ந்துவிடும். எம்பிஏ படித்தவர் தொடக்கநிலை வேலையில் தங்க மாட்டார் என்று ஒதுக்குவார்கள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐந்தாண்டு கழித்து, ஒரு குழுவை நடத்தும் நேரத்தில், பினாங்கிலேயே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்போது அது வேறு படிப்பாகத் தெரியும்.

அப்பாவின் பக்கம் பாருங்கள். 2024ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தது. 28,000 வெள்ளிக்கு அது 1,764 வெள்ளி, ஒரே ஆண்டில், அவர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே வந்தது. எல்லா ஆண்டும் இதே அளவு வரும் என்று சொல்லவில்லை. ஆனால் ஓய்வூதியம் இல்லாத லாரி ஓட்டுநருக்கு அந்தச் சேமிப்புதான் மருந்துக் காசு, அரிசிக் காசு. பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லத்தான் எந்த அப்பாவுக்கும் தோன்றும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். 'வேலைக்குப் போய், கம்பெனி காசில் படிக்கிறேன்பா' என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கும் மனம் ஆறும்.

நீங்கள் கேட்ட மற்றவை

மண்டரின். 'மண்டரின் (சீன மொழி) தெரிந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு பினாங்கில் வேலை விளம்பரம் பார்க்கும் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வலி உண்டு. சீனா, தைவான் சப்ளையர்களோடு தினம் பேச வேண்டிய வேலை என்றால் அந்த நிபந்தனை நியாயம். பாதி விளம்பரங்களில் அதற்குத் தேவையே இருக்காது, பழக்கத்தில் போட்டிருப்பார்கள், சிலர் வேறு நோக்கத்தில் போட்டிருப்பார்கள். இது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். வேலையில் பாகுபாடு பற்றித் தொழிலாளர் இலாகாவிடம் முறையிட வேலைச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது ஏற்கனவே வேலையில் இருப்பவருக்குத்தான் உதவுகிறது, விண்ணப்பிக்கிறவருக்கு இன்னும் கைகொடுக்கவில்லை. அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களில் கூட்டமும் மின்னஞ்சலும் ஆங்கிலத்தில்தான். உங்கள் முயற்சியை அங்கே வையுங்கள். பேச்சு மண்டரின் கொஞ்சம் பழகினால் நல்லது, அது இல்லாததால் கதவு சாத்திவிட்டது என்று உட்கார வேண்டாம்.

கோலாலம்பூர். உறவினர் வீட்டில் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் போக வேண்டாம். அதே 2,700 வெள்ளி அங்கே சீக்கிரம் கரையும். ஒரே ஒரு காரணத்துக்காகப் போகலாம், அதை அடுத்துச் சொல்கிறேன்.

கம்பெனிச் சட்டத் தாளில் மட்டும் ஏ எடுத்ததாகவும், அந்தப் பாடம் பிடித்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி இந்த நாட்டில் பதிவாகும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவான 30 நாளுக்குள் ஒரு நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். மைக்சா போன்ற தொழில்முறை அமைப்பின் உறுப்பினரோ எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) உரிமம் பெற்றவரோதான் அந்தப் பொறுப்பில் இருக்கலாம். இந்தச் சேவையை நடத்தும் அலுவலகங்கள் பட்டதாரிகளை உதவியாளராக எடுத்துக்கொள்கின்றன. கூட்டக் குறிப்பு, தீர்மானம், பதிவுத் தாள்கள் என்று பொறுமையும் நுணுக்கமும் கேட்கிற வேலை. வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதி முழுத் தகுதி பெறலாம், கோலாலம்பூரில் வாய்ப்பும் அதிகம். பிபிஏ பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. பிளானிங் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் இரண்டாவதாக இதைத்தான் சொல்வேன்.

அரசாங்க வேலை. எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் பாஹாசா மலேசியாவில் கிரெடிட் இருக்கிறது, ஆகையால் எஸ்பிஏவில் (அரசுப் பணி ஆணையம்) இன்றே பதிந்துவையுங்கள், பிடிடி நிர்வாக அதிகாரி தேர்வு அறிவிப்பு வந்தால் எழுதுங்கள். பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும், புதுப்பிக்க மறக்க வேண்டாம். வருமான வரி வாரியம், சொக்சோ போன்ற அமைப்புகள் தாங்களே ஆள் எடுக்கும், அவற்றின் பக்கத்தைத் தனியே பாருங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்து இந்த வேலையை விடாதீர்கள்.

பிடிபிடிஎன். கடிதம் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பிரியுங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம்தான், வட்டிக்கடைக் கடன் இல்லை இது. வருமானம் குறைவாக இருந்தால் தவணையை மாற்றியமைக்க, தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். பேசாமல் இருந்தால்தான் பின்னால் வீட்டுக் கடன், கார் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். முதல் சம்பளம் வந்ததும் சிறு தொகையாவது சம்பளப் பிடித்தமாகத் தொடங்குங்கள்.

மாமாவைப் பற்றி ஒன்று. மாதம் 1,500 என்பது நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது, அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் அதுதான். குடும்பத்தில் வழக்குப் போடச் சொல்லவில்லை. அடுத்து வரும் பிள்ளைக்காவது முறையாகக் கொடுக்கச் சொல்லி நீங்களே மெதுவாகச் சொல்லலாம், உங்கள் சொல்லுக்கு அந்தக் கடையில் மதிப்பு இருக்கிறது. விலகும்போது வேலை பார்த்ததற்கான சான்றுக் கடிதம் ஒன்று கடைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள்

ஏஜென்சி, ஃபேக்டரியின் பிளானிங் மேலாளரோடு அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகுதான் உறுதி செய்யும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ரெஸ்யூமில் அந்த வரியை அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: 'மொத்த மளிகைக் கடையில் கையிருப்பு, வார விற்பனை, சரக்கு வந்து சேரும் காலம் ஆகியவற்றைக் கொண்டு மறு ஆர்டர் முறையை உருவாக்கி, பண்டிகைக் காலத் தட்டுப்பாட்டை நீக்கினேன்.' எத்தனை வகைச் சரக்கு என்று எண்ணிப் போடுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், உள்ளதே போதும். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மஞ்சள் கறை இருந்தாலும் பரவாயில்லை. மேலாளர் 'ஒரு பொருள் மூன்று நாள் தாமதமானால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார், அநேகமாகக் கேட்பார். கடலை மாவுப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

அதற்கு முன் இன்றிரவு அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவருக்குத் தேநீர் போட்டுக்கொடுத்துவிட்டு ஒன்று கேளுங்கள்: "அம்மா, சாமான் வராம லைன் நின்னுட்டா அன்னைக்கு உள்ளே என்ன நடக்கும்?" 22 ஆண்டாக அந்த லைனில் நின்றவர் அவர். எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சூப்பர்வைசர் யாருக்குப் போன் அடிப்பார், அந்த வார டார்கெட் என்னவாகும், சனிக்கிழமை ஓவர்டைம் யார் தலையில் விழும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் யாருக்குப் போன் அடிப்பார் என்ற இடம் வரும்போது, அந்தப் போனை எடுக்கும் நாற்காலிக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா